வெளித் தாழ்ப்பாள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் அழைப்புகளை நீங்கள் எடுப்பதில்லை. ‘போன்ல உன் குரலைக் கேக்க முடியல, சொல்ல வேண்டியதை எழுதிப் போடு’ என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். அந்த வாய்ப்பைக் கொடுத்ததற்கு முதலில் நன்றி.

போன மாதம் நடந்தது உங்களுக்கு எவ்வளவு அதிர்ச்சியையும் வேதனையையும் தந்திருக்கும் என்பதை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. நீங்கள் சொல்லாமல் என்னைப் பார்க்க வந்தபோது வீடு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே குழந்தை தனியாக அழுதுகொண்டிருந்தாள். நான் வீட்டில் இல்லை. நீங்கள் பூட்டை உடைத்து அவளை எடுத்தீர்கள். நான் திரும்பி வந்த பிறகு, அன்று மாலையே அவளை உங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இப்போது நிலைமை சீராகிவிட்டது. டாக்டரைப் பார்த்தேன். உடம்பில் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலைக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் அலுவலகக் கட்டடத்திலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, இடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை மே மாதம் கப்பலிலிருந்து வருகிறார். குழந்தை கொஞ்ச நாள் பெரியம்மாவிடம் இருக்கிறாள் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எனவே, குழந்தையை அழைத்துப்போக நான் எந்த நாளில் வந்தால் உங்களுக்கு வசதிப்படும் என்று தெரிவியுங்கள். மேலும் ஏதேனும் வருத்தம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். திறந்த மனதோடு கேட்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை


மார்ச் 9

எலிக்கு,

எனக்கு எழுத்துத் தமிழெல்லாம் வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

உன் லெட்டரைப் படிக்கப் படிக்க, உங்க கம்பெனிக்குப் போன் பண்ணா காத்திருக்கச் சொல்லி ஒரு மியூசிக் போடுவீங்களே, அதுதான் காதுல ஓடுது. ‘மேலும் ஏதேனும் வருத்தம் இருந்தால்.’ ஏண்டி, இங்க என்ன வாஷிங் மெஷினா ரிப்பேர் ஆயிடுச்சு? எப்பலேர்ந்து நான் உனக்கு ‘நீங்க’ ஆனேன்?

அன்னிக்கு நடந்ததை நீ நாலு வரியில முடிச்சுட்ட. நான் சொல்றேன் கேளு. உன் பொண்ணு, அந்த மொட்டை, தூங்குற ரூமுக்குன்னு மஞ்சத் துணியில ஒரு திரை தெச்சு எடுத்துட்டு வந்தேன். காத்துல பறக்காம இருக்க அடியில ஈயக் குண்டுகூட வெச்சுத் தெச்சிருந்தேன். சொல்லாம வந்தா நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன், என் புத்தி. மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டுச்சு. அழுகை இல்ல அது. அழுது ஓஞ்ச பிறகு வருமே, அந்தச் சத்தம். உனக்குப் போன் போட்டேன். மணி உள்ளயே அடிக்குது. மணி அடிக்கும்போது குழந்தை நிறுத்திட்டுக் கேக்குறா. நின்னதும் மறுபடி ஆரம்பிக்குறா. அதனால விடாம அடிச்சுக்கிட்டே இருந்தேன். கீழ்வீட்டு வெல்டர் வந்து பூட்டை உடைக்கிற வரைக்கும் அந்தப் போன்தான் உன் பொண்ணுக்குத் துணை.

வெல்டர், ‘அம்மா எங்கே’ன்னு கேட்டார். சாவியைத் தொலைச்சிட்டுக் கடைக்குப் போயிருக்கான்னு வாய் கூசாமப் பொய் சொன்னேன்.

நீ சாயங்காலம் வந்த. செருப்பைக் கழட்டி வரிசையா வெச்ச. நான் கத்துறேன், என்ன கத்துறேன்னு எனக்கே தெரியல. நீ கையைக் கட்டிக்கிட்டு நின்னு சொன்ன: ‘உங்க கோபம் எனக்குப் புரியுது. உங்க இடத்துல யாரா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.’ ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. குழந்தையை ஓடி வந்து தூக்கல. என்னை அமைதிப்படுத்துற!

நல்லாக் கேட்டுக்கோ. பூட்டினதுக்காக நான் மொட்டையைத் தூக்கிட்டு வரல. பூட்டிட்டுப் போனவ திரும்பி வந்து அழுதிருந்தா மனுஷின்னு விட்டிருப்பேன். அந்தக் குரலுக்காகத் தூக்கிட்டு வந்தேன். அப்படிப் பேசுறவ கையில நாய்க்குட்டியைக்கூட விட மாட்டேன்.

மொட்டை நல்லா இருக்கா. கீழ் ஈறுல வெள்ளையா ஒண்ணு தெரியுது. தையல் மெஷின் ஓடினா தூங்குறா, நிறுத்தினா முழிச்சுக்கிறா. ஆர்டர் இல்லாதப்பவும் வெறும் துணியை ஓட்டிக்கிட்டுக் கெடக்கேன்.

மனுஷி மாதிரி எழுது. மாப்பிள்ளைகிட்ட நடந்ததைச் சொல்லு. நான் சொல்றதுக்குள்ள நீ சொன்னா உனக்கு நல்லது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

இனி ‘நீங்கள்’ என்று எழுதமாட்டேன். வேண்டுமென்று எழுதவில்லை. எதிரில் இருப்பவர் கோபமாக இருந்தால் நாக்கு தானாகவே மரியாதைக்குப் போய்விடுகிறது.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வெல்டர் புதுப் பூட்டு போட்டுக் கொடுத்திருக்கிறார். என்னைப் பார்த்தால் இப்போது தலையைத் திருப்பிக்கொள்கிறார். உன் பொய்யை அவர் நம்பவில்லை போலிருக்கிறது.

என் வேலை என்னவென்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கெட்டுப்போய்க் கொதித்துப்போனவர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். அவர்களைத் தணிப்பதுதான் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். மேசைக்கு மேசை ஒரு அட்டை ஒட்டியிருக்கும். கேள். கேட்டதைத் திருப்பிச் சொல். உணர்ச்சிக்குப் பெயர் வை. ஏதாவது ஒன்று கொடு. ஒருமுறை ஒருவர் நம் அம்மாவைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொல்லி ஆரம்பித்தார். கடைசியில் ‘நீ நல்லா இரும்மா’ என்று வைத்தார். அவருடைய ஃப்ரிட்ஜ் சரியாகவில்லை. ஆனால் வாழ்த்திவிட்டு வைத்தார். இங்கே என்னை ஐஸ்கட்டி என்று கூப்பிடுகிறார்கள். பாராட்டாகத்தான்.

குழந்தை பிறந்த பிறகு என்ன ஆனது என்றால், எல்லோருமே போன் செய்கிறவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அவர் கப்பலிலிருந்து ‘எல்லாம் சரிதானே’ என்பார். ‘சரியா இருக்கு, நீங்க கவலைப்படாதீங்க’ என்பேன். குழந்தை அழும். ‘உனக்குப் பசிக்குது, புரியுது, கொஞ்சம் பொறு’ என்று அதே குரலில் சொல்வேன். பாவம், அவள் அட்டையைப் படித்தவள் இல்லையே. இன்னும் அழுவாள்.

டாக்டர் விஷயத்திலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருகிறதா என்றெல்லாம் அவர் சரியாகத்தான் கேட்டார். ‘முதல் குழந்தைதானே டாக்டர், எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்றேன். என் குரலைக் கேட்டு அவரே நிம்மதியாகிவிட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவரை ஏமாற்றியதற்கு வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வந்தது வெட்கமில்லை. இன்னொரு அழைப்பை நல்லபடியாக முடித்த திருப்தி.

பால் இன்னும் வருகிறது. மதியம் அலுவலகக் கழிவறையில் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றுகிறேன். முதலில் சட்டையெல்லாம் நனையும். இப்போது குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் நின்றுவிடும். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இல்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நடுக்கடலில் என்ஜின் ரூமில் இருக்கிறவர், தெரிந்துகொண்டு என்ன செய்வார்? தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வரட்டும், நேரில் சொல்கிறேன்.

அவளை எப்போது கொடுப்பாய்?

தங்கை


மார்ச் 18

எலிக்கு,

பால் கதையை எழுதி என்னை அழ வெக்கப் பாக்குற. அழுதேன். அழுதுட்டு மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வந்து எழுதுறேன், அதனால பலிக்கல.

நடுக்கடல்ல இருக்கிறவர் தண்ணியைப் பாத்துக்கிட்டு இருப்பாராம். பாக்கட்டுமே. பொண்ணுக்கு அப்பன்தானே, கொஞ்சம் பாக்கட்டும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க மே மாசம் வரைக்கும் சோறு வடிச்சுக்கிட்டே இருப்பியா?

மொட்டைக்குக் காய்ச்சல் வந்துச்சு. பல்லு வர்றதாலயோ என்னவோ. தோளை விட்டு எறங்க மாட்டேன்னுட்டா. இப்ப விட்டுடுச்சு, நீ பயப்படாத. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்த அம்மா, ‘உங்க குழந்தையா’ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லல. இல்லேன்னும் சொல்லல. பையில சில்லறை தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

எப்ப கொடுப்பேன்னு கேக்குற. எதை நம்பிக் கொடுக்கிறது? டாக்டரையே ஏமாத்திட்டேன்னு நீயே எழுதுற. நாளைக்கு என்னையும் ஏமாத்துவ.

அம்மா போனப்ப உனக்கு ஏழு வயசு, எனக்குப் பத்தொம்பது. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. ஒண்டியா நின்னு உன்னை ஆளாக்கினேன். நான் துணி ஃபேக்டரியில நின்ன கால் வீக்கத்துலதான் நீ காலேஜ் படிச்ச. எனக்கு வந்த நல்ல நல்ல இடத்தையெல்லாம், ‘தங்கச்சியும் கூட வருவா’ன்னு சொல்லியே விரட்டினேன். ஒரு நாளாவது உன்னை விட்டுட்டு ஓடியிருப்பேனா? ஊர்ல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க, நீ வளர்த்த பொண்ணா இப்படிப் பண்ணுச்சுன்னு. நான் உன்னை இப்படி வளர்க்கல.

அக்கா


மார்ச் 21

அக்கா,

இப்படித்தான் வளர்த்தாய்.

நீ ஃபேக்டரிக்குப் போகும்போது அறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவாய். உள்ளே தண்ணீர், ரொட்டி, மூலையில் ஒரு வாளி. அதை நான் குறை சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள வேறு யார் இருந்தார்கள்? நான் சொல்வது மற்ற நாட்களை. நீ வீட்டிலேயே இருந்த நாட்களை. டம்ளர் உடைந்தால் தாழ்ப்பாள். மதிப்பெண் குறைந்தால் தாழ்ப்பாள். ‘அம்மா எப்போ வருவா’ என்று ஒருமுறை கேட்டேன், நினைவிருக்கிறதா? அதற்கும் தாழ்ப்பாள்.

அழுதால் திறக்கமாட்டாய். கத்தினால் இன்னும் நேரமாகும். அதனால் நகத்தால் கதவைச் சுரண்டுவேன். உள்ளே நான் இருக்கிறேன் என்பதை நீ மறந்துவிடக்கூடாது என்று. பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். கதவில் வாயை வைத்து, மெதுவாக, அழுகை கொஞ்சமும் கலக்காமல், ‘நீ கோபப்பட்டது சரிதான்க்கா. யாரா இருந்தாலும் கோபம் வரும்க்கா. உனக்கு எவ்வளவு வேலை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் திறந்துவிடுவாய். சில நாள் திறந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுவாய். உன் முதுகைத் தட்டிக்கொடுப்பேன்.

கேள், திருப்பிச் சொல், பெயர் வை, ஒன்று கொடு. வேலையில் சேர்ந்த அன்று அந்த அட்டையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சி கொடுத்தவர், ‘இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தீங்க’ என்று கேட்டார். வேலையே பார்த்ததில்லை என்றால் நம்பவில்லை.

எலி என்ற பெயர் எப்படி வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். ‘ரூமுக்குள்ள விட்டா எலி மாதிரி கதவைச் சுரண்டிக்கிட்டே இருப்பா.’ என் கல்யாணத்தன்று அவர் வீட்டாரிடமும் சொன்னாய். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் குரலைக் கேட்டுத்தானே என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாய்? அது உனக்காகச் செய்த குரல், அக்கா. உலகத்தில் வேறு யாருக்காகவும் இல்லை. அன்று நீ என் வீட்டில் நின்று கத்தியபோது எனக்கு ஏழு வயது.

இப்போது என் மகள் அந்த அறையில்தான் தூங்குகிறாளா?

தாழ்ப்பாள் இன்னும் இருக்கிறதா?


மார்ச் 30

அக்கா,

பதில் இல்லை. வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று இந்தத் தாளில் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழே இருப்பதையும் நீ படித்துவிடுவாய் என்று தெரியும்.

அவளுக்குப் பல் வெளியே வந்துவிட்டதா? அதை மட்டும் எழுது. ஒரு வரி போதும்.


ஏப்ரல் 3

பல்லு வந்துடுச்சு. ஒண்ணு. என் விரலைக் கடிச்சுப் பாத்துட்டா.

உன் லெட்டரைக் கிழிச்சேன். கிழிச்சுக் குப்பையில போட்டு, அப்புறம் பொறுக்கி எடுத்து மெஷின் பலகை மேல வெச்சு ஒட்டினேன். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட போய், வளர்த்த கடா மார்புல பாயுதுன்னு ஒரு பாட்டம் புலம்பினேன். அவளும் உச்சுக் கொட்டிக்கிட்டே கேட்டா. ‘ரூம்ல தாழ்ப்பாள் போட்டேனாம், பாரேன்’னு சொன்னேன். அவ, ‘வெளியேர்ந்தா?’ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அதுக்கப்புறம் உச்சுக் கொட்டல.

அடுப்பு இருந்துச்சு. கைப்பிடி இல்லாத மாடிப்படி இருந்துச்சு. கீழ ஒரு குடிகாரன் குடியிருந்தான். அதெல்லாம் நெஜம். வேலைக்குப் போற நாளுக்கு அது பதில். மத்த நாளுக்கு என்கிட்ட என்ன பதில் இருக்குன்னு யோசிச்சேன். உன்னை அடிச்சுடக் கூடாதுன்னுதான் உள்ள போட்டேன்னு எழுதலாம்னு பாத்தேன். அது பாதி. மீதிப் பாதியைச் சொல்றேன். அந்தக் கதவைச் சாத்தினதும், உலகத்துல எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கும். யாருக்கும் சோறு போட வேணாம், யாருக்கும் பதில் சொல்ல வேணாம். செவுத்துல சாஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பத்தொம்பது வயசுல அது எவ்வளவு சுகமா இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது.

இதை எழுதிட்டுப் பாக்குறேன். உனக்குத் தெரியும்.

நீ கதவுக்குப் பின்னாலேர்ந்து பேசினது ஞாபகம் இருக்கு. எவ்வளவு புத்திசாலிக் குழந்தைன்னு பெருமைப்பட்டிருக்கேன். கல்யாணத்துல நீ சிரிச்சதும் ஞாபகம் இருக்கு. இனிமே உன்னை எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல. அதனாலதான் மேல பேரே போடல.

ஆமா, மொட்டை அந்த ரூம்லதான் தூங்குறா. தாழ்ப்பாள் இருக்கு. போடுறதில்ல. ஆனா இருக்கு.

இப்ப நான் உன்னை ஒண்ணு கேக்கணும். இத்தனை நாளா கேக்கல. கேட்டா நீ அந்தக் குரல்ல அழகா ஒரு பதில் சொல்லிடுவியோன்னு பயம். அன்னிக்கு நீ கதவைப் பூட்டிட்டு வெளிய போனப்ப, திரும்பி வர்றதுக்குத்தான் போனியா?

எனக்குப் பிடிக்கிற மாதிரி எழுதாத. உன் பதிலை வெச்சுத்தான் மொட்டையை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணப் போறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

‘ஆமாம், திரும்பி வரத்தான் போனேன்’ என்று எழுதினால் குழந்தை கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிகிறது. அப்படி எழுதிய தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறேன். நீ நம்பியிருப்பாய்.

எனக்குத் தெரியாது, அக்கா.

அன்று காலையிலிருந்து அவள் அழுதுகொண்டிருந்தாள். பால் கொடுத்தேன், துடைத்தேன், உடை மாற்றினேன். தொட்டிலில் படுக்கவைத்து இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். இவ்வளவு பார்த்தவள் போனை மறந்து வைத்தேனா, வேண்டுமென்று வைத்தேனா? அதுவும் தெரியாது. கடைக்குப் போவதாக எனக்கே சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினேன். கடை வந்தது, தாண்டினேன். ஒரு பஸ் நின்றது, ஏறினேன். அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. பஸ்ஸில் இருந்த யாருக்கும் என்னிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததாக எழுதினாயே, அந்த இடத்தைப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ‘இதுக்கு மேல வண்டி போகாதும்மா’ என்றார் டிரைவர். திரும்பிப் போகுமா என்று கேட்டேன். ‘டீ குடிச்சிட்டுப் போகும்.’ நான் இறங்கவில்லை. அவர் டீ குடித்துவிட்டு வந்தார். பஸ் திரும்பியது. அதில் இருந்ததால் நானும் திரும்பினேன். அது வேறு ஊருக்குப் போகிற வண்டியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தினமும் கேட்டுப் பார்க்கிறேன்.

அட்டையில் இருக்கிற எதுவும் தப்பில்லை. ஊரில் உள்ளவர்களின் உணர்ச்சிக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டேன், என்னுடையதற்கு மட்டும் வைத்ததில்லை. இந்த வாரம் உட்கார்ந்து வைத்துப் பார்த்தேன். களைப்பு என்று எழுதினேன். பயம் என்று எழுதினேன். பிறகு வெறுப்பு என்று வந்தது. குழந்தை மேல் இல்லை என்று சேர்க்கப் போனேன். அவள் மேலும்தான். எல்லா நாளும் இல்லை, சில மத்தியானங்களில். அதே நாளில் அவள் பிடரி வாசனைக்காக அவள் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கிடப்பேன். இரண்டும் நான்தான்.

அவரிடம் சொல்லிவிட்டேன். பேச ஆரம்பித்ததுமே, ‘குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, சளியா?’ என்றார். அது என் சொந்தக் குரல். அவர் அதைக் கேட்டதேயில்லை. எல்லாம் சொல்லி முடித்தேன். ‘என் பொண்ணை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனியா’ என்றார். ஆமாம் என்றேன். ‘உனக்கென்ன பைத்தியமா?’ ‘தெரியல. டாக்டர்கிட்ட கேக்கப் போறேன்’ என்றேன். நீங்கள் கோபப்படுவது சரிதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அவர் வைத்துவிட்டார். சில நாள் கழித்து அழைத்து டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார். சீக்கிரம் வர விடுப்புக் கேட்டிருக்கிறாராம். என்னைப் பார்க்கவா, என்னிடமிருந்து அவளைக் காப்பாற்றவா என்று நான் கேட்கவில்லை.

அதே டாக்டரிடம்தான் போனேன். ‘போன தடவை உங்ககிட்ட பொய் சொன்னேன்’ என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற நோய்தான், மருந்து இருக்கிறது, நாளாகும் என்றார். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொல்லியிருக்கிறார். இப்போதைக்குக் குழந்தையோடு நான் தனியாக இருக்க வேண்டாம் என்றும் சொன்னார். இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

பால் நின்றுவிட்டது.

எலி

(இந்தப் பெயரே இருக்கட்டும். எப்படி வந்தது என்று தெரிந்து கூப்பிட்டால் போதும்.)


ஏப்ரல் 13

எலிக்கு,

உன் லெட்டரை வாசல்ல நின்னே படிச்சேன். உள்ள வந்து மொட்டையைப் பாத்தேன். மறுபடி வெளிய போய்ப் படிச்சேன். அவ எதிர்ல படிக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அவளுக்கு என்ன தெரியும், இருந்தாலும்.

மொட்டையை அனுப்ப மாட்டேன்.

நெஜத்தைச் சொன்னதுக்கு இதுதான் கூலியான்னு கேப்ப. இதுதான். தெரியாதுன்னு சொல்றவ கையில குழந்தையைத் தனியாக் கொடுக்க என்னால முடியாது. உன் டாக்டரும் அதைத்தானே சொல்றார். நீ இழுப்பறையில இருக்கிற லெட்டரைப் போட்டிருந்தா நான் நம்பி அனுப்பியிருப்பேன். அதை நெனச்சுக்கிட்டே துணி வெட்டினேன், ஒரு ஜன்னலுக்கான துணி பூரா கோணலாப் போச்சு.

ஆனா நீ வா. லீவு போட்டுட்டு வா. லீவு கெடைக்கலேன்னா வேலையை விட்டுட்டு வா. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆகாம யாரும் செத்துட மாட்டாங்க. டாக்டர்கிட்ட இங்க யாரைப் பாக்கணும்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வா. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ‘நீங்களும் ஏன் மறைச்சீங்க’ன்னு கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். கத்தி முடிச்சதும் ரெண்டு பேரும் மொட்டையோட பல்லைப் பத்திப் பேசினோம். வந்தா நேரா இங்கதான் வரணும்னு சொல்லியிருக்கேன்.

வந்ததும் எல்லாம் சரியாப் போயிடும்னு நெனச்சுக்காத. மொட்டை உன்கிட்ட வர மாட்டா. புது ஆள்னு அலறுவா, என் தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்குவா. அப்ப எனக்குள்ள கொஞ்சம் சந்தோஷமா இருக்கும். அதை நீ என் மூஞ்சியில பாத்துடுவ. நீ கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தே என் மூஞ்சியைப் பாத்தவளாச்சே. அதான் இப்பவே சொல்லிடுறேன். அதுக்கு நாம சண்டை போடுவோம். நான் கத்தினா நீயும் கத்து. ‘புரியுது’ன்னு மட்டும் சொல்லாத. நீ கத்தினா எனக்குக் கை பரபரக்கும், கதவைச் சாத்தணும்னு. பழக்கம் அது. வயசானாப் போயிடும்னு நெனச்சேன், போகல.

அதனால நேத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழட்டினேன். துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, வரவே மாட்டேன்னுச்சு. ஒரு ஸ்க்ரூ மரத்தையும் பேத்துக்கிட்டு வந்துச்சு. ஓட்டை அப்படியே இருக்கு. அடைக்கலாம்னு பாத்தேன், அடைக்கல. உள்பக்கம் பெயிண்ட் உரிஞ்சு கோடு கோடா ஒரு இடம் இருக்கு. நான் தரையில உக்காந்தா என் கண்ணுக்கு நேரா வருது. இத்தனை வருஷமா இந்த வீட்லதான் இருக்கேன், அங்க உக்காந்து பாத்ததில்ல. மொட்டை தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். குழந்தையைத் தனியா விட்டுட்டு வர முடியாது. உன்னைக் குத்திக்காட்ட எழுதல. இல்ல, கொஞ்சம் குத்தத்தான்.

நீயே வந்துடு. வந்து வாசல்ல நின்னுக்கிட்டுச் சுரண்டாத. தட்டு. மொட்டை முழிச்சாலும் பரவாயில்ல, நல்லாச் சத்தமாத் தட்டு.

அக்கா